முதல் மேடைக்கு முன் 22 நாள்: ஒரு பழைய டிரம்ஸைத் தேற்றிய கதை

ஜாம் ரூமில், அதாவது வாடகைப் பயிற்சி அறையில், வாசிக்கிற வரைக்கும் டிரம்ஸ் நம் பொறுப்பு இல்லை. ஸ்டிக்கை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். செட் அங்கேயே நிற்கும், வாசித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். வடபழனியில் மணிக்கணக்கு வாடகையில் ஒன்றரை வருடம் அப்படித்தான் ஓடியது. நாங்கள் நான்கு பேர்: பாட்டெழுதிப் பாடுகிற தோழி, லீட் கிட்டார் அண்ணன், இன்னும் கல்லூரி முடிக்காத பேஸ் கிட்டார் தம்பி, டிரம்ஸில் நான். சொந்தப் பாட்டு ஏழு சேர்ந்ததும் தோழி நான்கைந்து இடங்களில் கேட்டுப் பார்த்தாள். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, நூறு நாற்காலி போடக்கூடிய ஒரு சின்ன அரங்கில் 40 நிமிடம் கிடைத்தது. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "டிரம்ஸ் எங்ககிட்ட இல்ல, நீங்களே கொண்டு வந்துடுங்க" என்றார்கள். கையில் 22 நாள் இருந்தது.

என்னிடம் ஒரு செட் உண்டு. மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரிக்கு வருடக்கணக்காக ஓடியது. அதை வாசித்தவர் எலக்ட்ரானிக் பேடுக்கு மாறிவிட்டார். ஒற்றை ஸ்டாண்டில் நிற்கிற பேடிலேயே தவிலும் வரும், டிரம்ஸும் வரும், ஆட்டோவிலும் ஏற்றிவிடலாம். அவர் கொடுத்ததை வாங்கி, திருவான்மியூரில் எங்கள் மொட்டை மாடி அறையில் போட்டு, அக்கம்பக்கத்துக்காகத் துணி போர்த்தியே பழகிவந்தேன். காலால் மிதித்து அடிக்கிற 22 இஞ்ச் கிக், 12, 13 இஞ்ச் டாம் இரண்டு, தரையில் நிற்கிற 16 இஞ்ச் ஃப்ளோர் டாம், அடித்தோலில் கம்பிகள் ஓடுகிற 14 இஞ்ச் ஸ்னேர். துணியை எடுத்துவிட்டு முழு வேகத்தில் ஒருமுறை அடித்த அன்றுதான் அதன் உடல்நிலை தெரிந்தது. ஃப்ளோர் டாம் அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி இருந்தது. ஸ்னேர் எதைத் தொட்டாலும் கரகரத்தது. கிக் பெடல் போன இடத்திலிருந்து திரும்பி வரத் தயங்கியது.

துருவும் விளிம்பும்

ஐந்து டிரம்முக்கும் தோலைக் கழற்றினேன். தோலை இழுத்துப் பிடிக்கிற திருகுகளான டென்ஷன் ராடுகள் இரண்டு பக்கமும் சேர்த்து 72. கடல் காற்றில் கால்வாசிக்கு மேல் துரு ஏறியிருந்தது. எல்லாவற்றையும் ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவில் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். மூன்று ராடுகளில் மரை போய்விட்டது. இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என் செட்டின் ராடு 12-24 என்ற அளவு மரை. பெரும்பாலான டிரம்ஸுக்கு அதுதான். நம் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற 5 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உள்ளேயும் போகும். இறுக்கும்போது நிற்காது, ராடு போய்ப் பூட்டுகிற லக்கின் உள்மரையையும் தின்றுவிடும். கடைக்காரர் நல்ல மனதோடுதான் கொடுப்பார், வாங்காதீர்கள். இசைக்கருவிக் கடையில் கேட்டு மூன்றே மூன்று ராடு வாங்கினேன்.

ஃப்ளோர் டாமின் நோய் வேறு. டிரம்மின் மர உடல் தோலைத் தொடுகிற விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஓரிடம் பள்ளமாக இருந்தால் அந்த இடத்தில் தோல் மரத்தில் படியாது. ராடைத் திருகுகிற எந்தச் சாவியாலும் அதைச் சுருதி சேர்க்க முடியாது. சோதிக்க எளிய வழி உண்டு. எங்கள் சமையல் மேடை கிரானைட். இரவு விளக்கை அணைத்துவிட்டு, டாமை அதன்மேல் கவிழ்த்து, உள்ளே டார்ச்சை எரியவைத்தேன். சுற்றிலும் இருட்டு, ஓரிடத்தில் மட்டும் கோடு மாதிரி வெளிச்சம் கசிந்தது. சுமார் நான்கு விரல் அகலம். அம்மா வந்து பார்த்துவிட்டு, "அங்கதான் அடிபட்டிருக்கு" என்றார். லாரியில் ஏற்றி இறக்கியதில் எப்போதோ பட்ட அடியாக இருக்கும்.

220 நம்பர் உப்புத்தாளை மேடையில் ஒட்டி, டாமைக் கவிழ்த்து, அழுத்தாமல் மெதுவாக வட்டமாகத் தேய்த்தேன். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை டார்ச். இடத்தை மாற்றி மாற்றிப் பிடிக்காவிட்டால் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்துபோகும். ஒன்றேகால் மணி நேரத்தில் வெளிச்சம் நின்றது. கடைசியில் விளிம்பு முழுக்க மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் வழித்தேன். சுருதி சேர்க்கும்போது தோல் மரத்தில் சிக்காமல் வழுக்கி உட்கார அது உதவும். பள்ளம் இதைவிட ஆழம் என்றால் வீட்டில் கைவைக்கக்கூடாது. விளிம்பின் சாய்வையே புதிதாகச் செதுக்கவேண்டும், அது தெரிந்த தச்சர் வேலை.

தோலைப் பொறுத்தவரை மேல்பக்கம் மட்டும் புதிது வாங்கினேன். எங்கள் நிகழ்ச்சி கார்த்திகை மழைக்கு நடுவில். பறை என்றால் தீயில் காய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டிய காலம். 1957-ல் அமெரிக்காவில் ரெமோ பெல்லி பாலியெஸ்டர் தோலை விற்கத் தொடங்கியதிலிருந்து டிரம்ஸ்காரர்களுக்கு அந்தக் கவலை விட்டது. ஈரத்தில் அது தளராது. அதற்கு முன் கன்றுத்தோலோடு மழையில் மேடையேறியவர்களை நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொன்றாகப் பூட்டினேன்.

பூட்டும் முறை: எல்லா ராடையும் முதலில் விரலால் மட்டும் இறுக்கவேண்டும். பிறகு சாவியால் அரைச் சுற்று, அடுத்தது அதற்கு நேர் எதிரில். பக்கத்தில் இருப்பதை அடுத்ததாகத் தொடவே கூடாது. நடுவில் உள்ளங்கையால் ஒருமுறை நன்றாக அழுத்தித் தோலை உட்காரவைத்து, ஒவ்வொரு ராடுக்கும் ஓர் இஞ்ச் உள்ளே ஸ்டிக் நுனியால் தட்டிக் கேட்டு, எல்லா இடமும் ஒரே சுரம் வரும்வரை கால் சுற்று, அரைக்கால் சுற்று. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே போவதும் இதே வேலைதான். அவருக்குக் கல்லும் கட்டையும், எனக்குச் சாவி. ஃப்ளோர் டாம் முதல்முறையாக "தும்ம்" என்று நீண்டபோது அதை நிறுத்தவே மனமில்லாமல் திரும்பத் திரும்ப அடித்தேன். கீழ்வீட்டுத் தாத்தா மறுநாள் மாடிப்படியில் பார்த்து, "என்னப்பா, நேத்து சத்தம் நல்லா இருந்ததே" என்றார். ஒன்றரை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஸ்னேர் கரகரப்பு தம்பி வந்த பிறகே பிடிபட்டது. அவன் ஜி கம்பியின் ஏழாவது ஃப்ரெட்டில் வாசிக்கும்போதெல்லாம் ஸ்னேர் தானாகக் குலுங்கியது. அந்தச் சுரம் சுமார் 147 ஹெர்ட்ஸ். என் 12 இஞ்ச் டாமும் ஏறக்குறைய அதே சுரத்தில் நின்றதால் அது கூடவே பாடி, பக்கத்தில் இருந்த ஸ்னேரின் கம்பிகளையும் எழுப்பிவிட்டது. டாமைக் கொஞ்சம் இறக்கினேன். ஸ்னேரின் அடித்தோலில் கம்பி போகிற இரு முனைகளிலும் இருக்கிற ராடுகளை மட்டும் கால் சுற்று தளர்த்தினேன். முழுக்கப் போகவில்லை. முழுக்கப் போகவும் வேண்டாம், கொஞ்சம் உயிர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெடல், செருப்பு, தலையணை

கிக் பெடலின் ஸ்பிரிங் நீண்டு செத்துப்போயிருந்தது. பெடல் இல்லாமல் டிரம்ஸ் செட்டே இல்லை. 1909-ல் சிகாகோவில் லட்விக் சகோதரர்கள் வேகமாக இயங்கும் காலால் மிதிக்கும் பெடலைக் கொண்டுவந்த பிறகுதான் ஒரே ஆள் உட்கார்ந்து கிக்கையும் ஸ்னேரையும் சேர்த்து வாசிப்பது பரவலானது. புதுப் பெடல் வாங்கப் பணம் இல்லை. பழைய ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு புதுப்பேட்டை போனேன். முதலில் கொடுத்தது பைக்கின் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங். மாட்டி மிதித்தால் முட்டிக்கே திருப்பி அடித்தது. மறுநாள் பைக் பிரேக் மிதியைத் திரும்ப இழுக்கிற ஸ்பிரிங் ஒன்று பொருந்தியது. நீளம் அரை இஞ்ச் குறைவு, கொக்கியைக் குறட்டால் கொஞ்சம் நிமிர்த்தினேன். புதிய இழுப்புக்குக் கால் பழக ஒரு வாரம் ஆனது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் இப்படி ஒன்றை மாற்றியிருந்தால் கெட்டிருப்பேன்.

சிம்பல் என்கிற வெண்கலத் தட்டுகளின் ஸ்டாண்டுகளில் ரப்பர் குழலும் இல்லை, ஃபெல்ட் துணி வளையமும் இல்லை. இரும்புமேல் வெண்கலம் உரசி, க்ராஷ் சிம்பலின் நடு ஓட்டை சாவித்துவாரம் மாதிரி நீளத் தொடங்கியிருந்தது. மீன்தொட்டிக்குக் காற்று போகிற ட்யூபில் ஓர் இஞ்ச் வெட்டிக் கம்பியில் மாட்டினேன். ஃபெல்ட்டுக்குப் பதில் பழைய ஹவாய்ச் செருப்பை வட்டமாக வெட்டி நடுவில் துளையிட்டேன். சிம்பல் தாராளமாக ஆடுகிறது, ஸ்டாண்டும் கிறீச்சிடவில்லை. கிக்குக்குள் அம்மா கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை, இரண்டு தோலையும் லேசாகத் தொடுகிற மாதிரி. அதிர்வு அளவுக்கு மேல் நீளாமல் இருக்க, டாம்களின் ஓரத்தில் மடித்த பஞ்சின்மேல் சர்ஜிக்கல் டேப்.

பிறகு தரை. அரங்கைப் போய்ப் பார்த்தபோது மேடை பளபளக்கும் டைல்ஸ் என்று தெரிந்தது. கிக் டிரம் மிதிக்க மிதிக்க முன்னால் நகரும். அதன் முன்கால்களில் இருக்கிற இரும்பு முள் கம்பளத்தில் ஊன்றும், டைல்ஸில் சறுக்கும். வீட்டில் ஒரு பவானி ஜமுக்காளம் இருந்தது. முள்ளுக்குப் பிடி கொடுக்க அதன் நெசவு போதும். ஆனால் ஜமுக்காளமே டைல்ஸில் வழுக்கும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஆன ட்யூப் நான்கு வாங்கி, நீளவாக்கில் பிளந்து, பட்டையாக்கி, கோணி ஊசியால் அடியில் ஐந்து வரிசை தைத்தேன். கூடத்து டைல்ஸில் விரித்து நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. பிறகு செட்டை அதன்மேல் எனக்கு வசதியாகப் பரப்பி, ஒவ்வொரு ஸ்டாண்டின் காலும் படுகிற இடத்தில் கலர் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். ஸ்னேருக்குச் சிவப்பு, காலால் மூடித் திறக்கிற சிம்பல் ஜோடியான ஹை ஹேட்டுக்கு மஞ்சள், ஸ்டூலுக்கு நீலம். முதல்முறை செட் போட 50 நிமிடம் ஆனது. டேப் ஒட்டிய பிறகு 18.

வேகம்

தோழி சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள். "உனக்குக் கை நல்லா இருக்கு, காலப்பிரமாணம் ஓடுது" என்று அவள் முதல் மாதத்திலேயே சொன்னாள். அது உண்மை. ஏழு பாட்டுக்கும் வேகத்தை அளந்து ஒரு தாளில் எழுதினேன். முதல் பாட்டு நிமிடத்துக்கு 92 அடி. ஐந்தாவது பாட்டு ஏழு எண்ணிக்கை, எங்களுக்குள் மிஸ்ர சாபு என்றே சொல்வோம். தகிட தகதிமி என்று வாயால் சொல்லி ஆரம்பித்தால் யாரும் தவறுவதில்லை, ஒன்று இரண்டு என்று எண்ணினால் தவறுவோம். போனில் வேகம் காட்ட ஒளியால் துடிக்கிற மெட்ரோனோம் வைத்து, ஃப்ளைட் மோடில் போட்டு, ஹை ஹேட் ஸ்டாண்டில் கட்டினேன். ஸ்டிக்கைத் தட்டி எண்ணுவதற்கு முன் அந்தப் பாட்டின் பல்லவியை மனசுக்குள் ஒரு வரி பாடிக்கொள்வது என்று வழக்கப்படுத்தினேன். அந்த வரி எந்த வேகத்தில் சுகமாக வருகிறதோ அதுதான் பாட்டின் வேகம்.

அந்த நாள்

குட்டி யானை வண்டி மதியம் இரண்டு மணிக்கு வந்தது. தூறிக்கொண்டிருந்ததால் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். இரண்டு மாடி, குறுகலான படி. கிக்கை மட்டும் தலைக்குமேல் தூக்கித்தான் திருப்பமுடிந்தது. ஜமுக்காளத்தை விரித்து, கலர் பார்த்து நிறுத்தி, 20 நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். சவுண்ட் பார்க்கிற அண்ணன் சிரித்தார். "டேப்பெல்லாம் ஒட்டி ரெடியா வந்திருக்கியே தம்பி."

கிக்குக்கு ஒரு மைக், தலைக்குமேல் ஒன்று, அவ்வளவுதான். சின்ன இடத்துக்கு அது போதும், ஸ்னேர் தானாகவே கடைசி வரிசை வரை போகும். பாடலை மூழ்கடிக்காமல் இருக்க 5ஏ ஸ்டிக்கை வைத்துவிட்டு மெல்லிய 7ஏ எடுத்தேன். கிட்டார் ஆம்ப்பில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தது. வேறு சுவரில் செருகியிருந்த அதை மிக்சர் இருக்கிற போர்டுக்கே மாற்றியதும் நின்றது.

நான் யோசித்தே பார்க்காத ஒன்று சவுண்ட் செக்கில்தான் தெரிந்தது. ஜாம் ரூமில் நாங்கள் வட்டமாக நிற்போம். தம்பியின் விரலைப் பார்த்து நான் கிக்கை மிதிப்பேன், தோழி மூச்சு இழுப்பதைப் பார்த்து நிறுத்துவேன். மேடையில் மூன்று பேரும் எதிரே பார்த்து நின்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று முதுகு. ஒரு பாட்டின் முடிவில் நால்வரும் நான்கு இடத்தில் நின்றோம். ஒன்றரை வருடம் காதால் மட்டும் சேர்ந்து வாசிக்கிறோம் என்று நினைத்திருந்தேன், பாதி கண்ணால் நடந்திருக்கிறது. உடனே தம்பியை என் ஹை ஹேட் பக்கம் இழுத்து, எனக்கு அரைவாசி திரும்பி நிற்கச் சொன்னேன். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரி முன்னால் திரும்பிப் பார்ப்பதாகத் தோழி ஒப்புக்கொண்டாள். வட்டத்தைக் கலைத்து வரிசையாக நின்று ஒரு வாரமாவது பழகியிருக்கவேண்டும்.

ஏழு மணிக்கு நாற்காலிகள் நிறைந்தன. அம்மா மூன்றாவது வரிசை. ஆள் நிறைந்ததும் ஒலி மாறியது. மதியம் சுவரில் பட்டுத் திரும்பிய சிம்பலின் கூர்மையை உடம்புகளும் துணிகளும் வாங்கிக்கொண்டன, என் சத்தமே எனக்குச் சிறுத்துக் கேட்டது. அதை ஈடுகட்டக் கை தானாக வலுத்தது. விளக்கு வந்ததும் பல்லவியை மனசுக்குள் பாட மறந்துபோனேன். போனின் ஒளியையும் பார்க்கவில்லை. நான்கு தட்டினேன், போய்விட்டோம்.

பதிவை மறுநாள் அளந்து பார்த்தேன். 92-ல் போகவேண்டிய பாட்டு 101-ல் போயிருக்கிறது. நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 39 நொடியில் முடிந்திருக்கிறது. மேடையில் அது வேகமாகவே தெரியவில்லை, சரியாகத்தான் தெரிந்தது. இதயம் ஓடுகிறபோது நம் உள்கடிகாரமும் கூடவே ஓடுகிறது. தோழி வார்த்தைகளை விழுங்கிப் பாடியதைக் கேட்கும்போது இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. அவள் பாட்டு முடிந்ததும் திரும்பி, கையைத் தாழ்த்தி, "மெதுவா" என்று உதட்டசைவில் சொன்னாள். இரண்டாவது பாட்டுக்குத் தண்ணீர் குடித்தேன், பல்லவியைப் பாடிக்கொண்டேன், பிறகே தட்டினேன். அங்கிருந்து பிடிபட்டது.

மூன்றாவது பாட்டில் கூட்டம் கைதட்டத் தொடங்கியது. சந்தோஷமாக இருந்தது, ஆபத்தாகவும் இருந்தது. கடைசி வரிசை 12 மீட்டர் தள்ளி. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். என் அடி அவர்களைச் சேர்ந்து, அவர்கள் தட்டுவது என்னிடம் திரும்ப 70 மில்லி நொடி ஆகிவிடும். அது ஓர் அடியை நான்காகப் பிரித்தால் வருகிற பங்கில் கிட்டத்தட்ட பாதி. அந்தத் தட்டலைப் பின்தொடர்ந்தால் பாட்டு இழுபடும். தம்பியின் விரலை மட்டும் பார்த்தேன். ஐந்தாவதான மிஸ்ர சாபுப் பாட்டுக்கும் தட்டினார்கள். நான்காக எண்ணித் தட்டி, இரண்டாம் சுற்றில் தடுமாறி, கை நின்று, பிறகு தலையை மட்டும் ஆட்டத் தொடங்கினார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் தொடையில் சரியாகச் சாபு தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு முழுக்க அவருக்காகத்தான் வாசித்தேன்.

அதே பாட்டின் கடைசிச் சரணத்தில் ஹை ஹேட்டின் மேல் சிம்பல் 'சளக்' என்று கீழே உட்கார்ந்துவிட்டது. கால் மிதித்தாலும் மேலே வரவில்லை. சிம்பலைக் கம்பியில் பிடிக்கிற க்ளட்சின் அடி நட்டு கழன்று உருண்டுபோயிருந்தது. வலது கையை ரைடு என்கிற பெரிய சிம்பலுக்கு மாற்றினேன். பல்லவியில் திறந்த ஹை ஹேட் வரவேண்டிய இடமெல்லாம் ரைடின் நடுவில் புடைத்திருக்கிற மணிமேல் அடித்தேன். உருண்ட நட்டைத் தம்பி வாசித்துக்கொண்டே ஷூவால் மிதித்துப் பிடித்திருந்தான். பாட்டு முடிந்ததும் குனிந்து எடுத்து என் கையில் வைத்தான். "அண்ணா, இதுவா?" தோழி இதைப் பார்த்துவிட்டு, ஆறாவது பாட்டு எப்படிப் பிறந்தது என்று கூட்டத்திடம் பேச ஆரம்பித்தாள். அவள் பேசிமுடிப்பதற்குள் திருகி மாட்டிவிட்டேன்.

72 ராடையும் பார்த்தவன் அந்த ஒரு நட்டைப் பார்க்கவில்லை. வீட்டில் துணி போர்த்தி வாசித்ததால் ஹை ஹேட்டைப் பலமாக மிதித்ததே இல்லை, அதனால் அது கழன்றதும் இல்லை.

ஏழாவது பாட்டு மெதுவானது. முடிவுக்கு ஒரு வரி முன்னால் தோழி திரும்பினாள், அண்ணனும் திரும்பினார். நால்வரும் ஒன்றாக நிறுத்தினோம். கிக் டிரம்மின் முள் ஜமுக்காளத்தில் ஒட்டிய டேப்பைவிட்டு ஒரு விரல்கூட நகர்ந்திருக்கவில்லை. கைதட்டலுக்கு நடுவிலேயே குனிந்து அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அதன் பிறகு

க்ளட்சைக் கழற்றிப் பார்த்தால் மரை தேய்ந்திருக்கிறது. பிளம்பர்கள் குழாயில் சுற்றுகிற வெள்ளை டெஃப்ளான் டேப்பை மரையில் மூன்று சுற்று சுற்றி நட்டை ஏற்றினேன். இரண்டு மணி நேரம் பலமாக மிதித்தும் கழலவில்லை. இருந்தாலும் ஒரு புது க்ளட்ச் வாங்கிப் பையில் போட்டாகிவிட்டது, கூடவே சாவி ஒன்று, சிம்பல் நட்டு இரண்டு, ஸ்னேர் கம்பியைக் கட்டுகிற நைலான் கயிறு ஒரு முழம். சைக்கிள் ட்யூப் தையல் ஓரிடத்தில் விட்டிருக்கிறது, இரட்டை நூலில் திரும்பத் தைக்கவேண்டும்.

வருகிற ஞாயிறு ஜாம் ரூம் போட்டிருக்கிறோம். வட்டமாக நிற்காமல், சுவரைப் பார்த்து வரிசையாக நின்று, முதல் பாட்டிலிருந்தே. 92-ல்.